அக்கா சிரித்த இடம்

1

நான் எழுதிய நாடகத்தில் யாரும் சிரிக்கக் கூடாத ஓர் இடம் இருந்தது. முதல் நாள் காட்சியில், சரியாக அந்த இடத்தில், என் அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்தக் கதை அந்தச் சிரிப்பிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இதற்கு முன் வேறு மாதிரி தொடங்கிப் பார்த்தேன்:

மெழுகுவர்த்தியைப் போலத் தன்னையே உருக்கிக்கொண்டு என் அக்கா—

(அடித்துவிட்டேன். அக்கா எங்கும் உருகவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். அங்கே நல்ல குளிர்சாதனம் உண்டு.)

அம்மா இறந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அக்கா தன் படிப்பை நிறுத்திவிட்டு என்னைப் படிக்க வைத்தாள். பெண் கேட்டு வந்தவர்களிடம் "தம்பி ஒரு நிலைக்கு வரட்டும்" என்றாள். நான் ஒரு நிலைக்கு வந்தேன், கல்யாணம் செய்துகொண்டேன், தனி வீடு பார்த்துக்கொண்டு போனேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்தது. அவரை அக்கா பார்த்துக்கொண்டாள். விடுமுறை நாட்களில் நான் பழம் வாங்கிக்கொண்டு போவேன்.

இதை அப்படியே நாடகமாக எழுதினேன். பழத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

2

ஒரு கருத்தைச் சொல்ல வேண்டுமென்றால் எழுதுகிறவன் முதலில் செய்வது, அதைத் தூக்கி ஒரு பாத்திரத்தின் வாயில் வைப்பதுதான். என் கருத்து, தியாகம். எனவே என் நாடகத்துப் பெண் ஒன்றரைப் பக்கத்துக்குப் பேசினாள். தம்பி தனிக்குடித்தனம் போகிறேன் என்று வந்து நிற்கிறான். அவள் அவனை ஆசீர்வதிக்கிறாள். "எனக்கென்னடா வேணும், நீங்க நல்லா இருந்தா போதும்" என்று முடிக்கிறாள். எழுதும்போதே எனக்குக் கண் கலங்கியது.

(தான் எழுதியதற்குத் தானே அழுபவனை நம்பக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. இந்த வரியையும் நம்ப வேண்டாம்.)

அந்தப் பாத்திரத்தில் நடிக்க வந்தவர், பகலில் பல் மருத்துவமனையின் வரவேற்பில் உட்காருபவர். குழுவில் அவருக்குப் பெயர் 'படபட'. எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. ஒத்திகையின் முதல் நாளே கேட்டார்.

"சார், இந்தம்மாவுக்குக் கோபமே வராதா?"

"வராதும்மா. அவங்க அப்படிப்பட்டவங்க."

"அப்படிப்பட்டவங்கன்னா? பல்லு வலிக்குறவங்ககூட என்கிட்ட சிரிச்சுட்டுத்தான் பேசுறாங்க சார். ஆனா வலிக்குதுன்னு எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"கையைப் பாப்பேன்."

எனக்கு எரிச்சலாக இருந்தது. என் அக்காவை எனக்குத் தெரியாதா? எழுதியதைப் பேசினால் போதும் என்று சொல்லிவிட்டேன். அவரும் ஒரு வார்த்தை மாற்றாமல் பேசினார். ஆனால் கையில் ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டார். கண்ணாடிக் கடைக்காரிதானே, துடைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தம்பி பேசப் பேச அவர் துடைத்தார். முகம் சிரித்துக்கொண்டிருந்தது, வாய் ஆசீர்வதித்துக்கொண்டிருந்தது, கட்டைவிரல் மட்டும் அழுத்திக்கொண்டே போனது. டக்கென்று கண்ணாடி சட்டத்திலிருந்து கழன்று தரையில் விழுந்தது.

அவர் குனிந்து எடுத்தார். "ஒண்ணுமில்ல, மாட்டிடலாம்" என்றார்.

அது என் வசனம் இல்லை. இயக்குநர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவர் பென்சிலை எடுத்து என் ஒன்றரைப் பக்கத்தின் மேல் ஒரு கோடு போட்டார். கெஞ்சிக் கூத்தாடி கடைசி வரியை மட்டும் காப்பாற்றினேன்.

என் கருத்து அங்கேயே செத்துப்போனது. அதே பெண், அதே கதை, அதே சிரிப்பு. ஆனால் நாடகம் இப்போது தியாகத்தைப் பற்றியதாக இல்லை. என்னவாக மாறியது என்று எனக்கே அப்போது சொல்லத் தெரியவில்லை. நான் வாயில் வைத்ததை அவர் விரலுக்கு இறக்கிவிட்டார், அவ்வளவுதான்.

3

காட்சி நாள். அக்கா புதுப் புடவையில் வந்திருந்தாள். அப்பாவுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டுக்காரரை உட்கார வைத்திருந்தாள். கண்ணாடி விழுந்தது. அரங்கில் சத்தமே இல்லை. பிறகு நான் காப்பாற்றிய வரி வந்தது. "எனக்கென்னடா வேணும், நீங்க நல்லா இருந்தா போதும்."

அக்கா சிரித்தாள்.

நாடகம் முடிந்ததும் ஒப்பனை அறைக்கு அழைத்துப் போனேன். படபட முகத்தைப் பாதி துடைத்திருந்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, அந்தப் பயலை ஒரு அறை விட்டிருக்கலாம்ல?"

"எழுதிக் குடுக்கலியேக்கா!"

இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றபோது கேட்டேன். "ஏன்க்கா சிரிச்ச?"

"நானும் அதையேதான சொல்லுவேன். சொல்லும்போது மனசுக்குள்ள வேற ஒண்ணு ஓடும். அது ஞாபகம் வந்துடுச்சு."

"என்ன ஓடும்?"

"அதெல்லாம் மேடையில சொல்ற மாதிரி இருக்காது."

ஆட்டோ வந்தது. ஏறி உட்கார்ந்தவள், புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னாள். "அடுத்த மாசத்துலேர்ந்து அப்பா உன் வீட்டுல இருக்கட்டும். நான் கொஞ்ச நாள் எங்கயாவது போயி இருந்துட்டு வரேன்."

"எங்க?"

"ஏன், எனக்கு எடமா இல்ல?"

எந்தப் பாத்திரத்தின் வாயிலும் வைக்க என்னிடம் அப்போது ஒரு வரிகூட இல்லை.

4

முடிவுகள்.

அ) அக்கா மனம் மாறித் திரும்பி வருகிறாள். அப்பா இடது கையால் அவள் கன்னத்தைத் தொடுகிறார். (இது தியாகம் ஜெயிக்கும் முடிவு. எழுதும்போது மறுபடியும் கண் கலங்கியது. எனவே நீக்குகிறேன்.)

ஆ) அக்கா ஒரு மலையோர ஊரில், யாரோ ஒருவரோடு— (ஏன் யாரோ ஒருவர்? அவளைத் தனியாக விடவே எனக்கு மனம் வரவில்லை, பாருங்கள்.)

இ) நடந்தது: அப்பா இப்போது என் வீட்டில் இருக்கிறார். அவரைப் புரட்டிப் படுக்க வைக்க எந்தப் பக்கம் கை கொடுக்க வேண்டும் என்று நானும் என் மனைவியும் இன்னும் தடுமாறுகிறோம். அவர் வாசலைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், கேட்க மாட்டார். நேற்று தாடியை மழித்துவிடும்போது காதருகே கீறிவிட்டேன். "ஒண்ணுமில்ல" என்றார் குழறலாக. அவர் கையைப் பார்த்தேன். போர்வையைப் பிடித்திருந்தது.

அதன்பின் அக்காவுக்கு ஃபோன் செய்தேன். பின்னால் நிறையப் பேர் பேசும் சத்தம், ஏதோ ஒரு பெரிய கதவு மூடும் சத்தம்.

"எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேன்டா. அப்பா சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டார். நீ எங்க இருக்க?"

"நல்லா இருக்கேன்னேனே."

"எங்கன்னு கேட்டேன்க்கா."

"சொன்னா நீ எழுதிடுவ" என்றாள். யாரோ கூப்பிட்டார்கள். "வரேன் வரேன்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வாசகர்களே, முடிவு உங்களிடம்தான் இருக்க வேண்டும். என்றாவது அவளை எங்கேனும் பார்த்தால், அவள் எப்படி இருக்கிறாள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் மட்டும் சொல்லாதீர்கள்.