செக்கர் முறைத்த நட்சத்திரக் கொத்து

டிக்கெட் செக்கர் முறைத்துப் பார்த்ததில் வானத்திலிருந்து ஒரு நட்சத்திரக் கொத்து காணாமல் போனது. கோடைகாலம், வியாழக்கிழமை, தெருவில் கரண்ட் இல்லை, தண்ணீர் லாரியும் வரவில்லை. லாரி வராததைப் பற்றித்தான் தெருவில் எல்லோரும் பேசினார்கள்.

செக்கர் அப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். வேலையில் இருந்த காலத்தில் பஸ்ஸில் ஏறினால் அவர் யாரிடமும் டிக்கெட் கேட்டதில்லை. படிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு முகமாக நேருக்கு நேர் பார்ப்பார். டிக்கெட் எடுக்காதவன் ஒரு மூச்சு, இரண்டு மூச்சு தாங்குவான், பிறகு ஜன்னல் பக்கம் திரும்புவான். அவ்வளவுதான், ஆள் மாட்டினான். ஒருமுறை கையில் டிக்கெட் வைத்திருந்த ஒருவனே அந்தப் பார்வைக்குப் பயந்து, தன் தம்பியின் சைக்கிளைத் திருடி விற்றதை ஒப்புக்கொண்டான். ஓய்வுக்குப் பிறகு பார்வைக்குப் பஸ் கிடைக்காமல் வீட்டுக்குள் வந்துவிட்டது. பாலை முறைப்பார், கடைத் தராசை முறைப்பார், மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பி முறைப்பார். யாரையும் நம்பி ஏமாந்ததில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவள். சத்தமே இல்லாத மனுஷி. அவள் திறந்தால் கதவுக் கீல்கூட வாயைத் திறக்காது. வீட்டில் இருக்கிறாளா, கடையில் இருக்கிறாளா என்றே செக்கருக்குப் பல நாள் தெரியாது. தட்டில் சாப்பாடு விழுந்தால் இருக்கிறாள் என்று எடுத்துக்கொள்வார். அவள் கடை வேலை முடிந்த மிச்ச நேரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு லென்ஸைத் தேய்த்தாள். தண்ணீருக்குப் போடுகிற பிளாஸ்டிக் பைப்பின் ஒரு முனையில் அதைப் பொருத்தி, உடைந்த பைனாகுலரிலிருந்து கண் வைக்கிற துண்டைக் கழற்றி மறுமுனையில் சொருகினாள். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த அவள் தம்பி, பழைய பஸ் சீட்டுக் கால்களை வெல்டிங் வைத்து அந்தத் தொலைநோக்கிக்கு ஒரு ஸ்டாண்டு அடித்துக் கொடுத்தான். கோடையில் பொழுது இருட்டியதும் கரண்ட் போகும், தெருவே திட்டும், அவள் மட்டும் முகம் மலர்ந்து மொட்டைமாடிக்கு ஏறுவாள். கரண்ட் போனதற்குச் சந்தோஷப்படுகிற ஆளைச் செக்கர் அதுவரை பார்த்ததில்லை. அந்த வியாழக்கிழமை, என்ன திருட்டுத்தனம் என்று பார்க்கப் பின்னாலேயே ஏறினார்.

தெற்கு வானத்தில் நட்சத்திரத் தேள் வாலைச் சுருட்டிக் கிடந்தது, அதன் நெஞ்சில் கேட்டை நட்சத்திரம் சிவப்பாக எரிந்தது. கேட்டையை ஒட்டி, கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல ஒரு மங்கல். அதுதான் கொத்து, ஆயிரக்கணக்கான நட்சத்திரங்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கிற இடம் என்றாள். செக்கர் குனிந்து கண்ணை வைத்தார்.

"நேரா பாக்காதீங்க. மங்கலா இருக்கிறத நேரா பாத்தா தெரியாது. கண்ணைக் கொஞ்சம் தள்ளி வைங்க, அதுவா ஓரத்துல வந்து நிக்கும்."

"ஓரமா பாக்குறவன் டிக்கெட் எடுக்காதவன்."

"இது பஸ் இல்லீங்க."

"இருக்குதுன்னா நேரா பாத்தாலும் இருக்கணும்ல," என்று சொல்லிவிட்டு அவர் முறைத்தார். மூச்சுக்கு மூச்சு மங்கல் மெலிந்தது, பிறகு அந்த இடம் துடைத்த பலகை மாதிரி ஆனது. "ஒண்ணுமே இல்லையே," என்று நிமிர்ந்தார். அவள் பார்த்தாள். கண் துண்டைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள், தேளின் வால் வரைக்கும் போய்த் திரும்பி வந்து பார்த்தாள். கேட்டை இருந்தது, பக்கத்தில் வெறும் கறுப்பு. கல்யாணமான நாளிலிருந்து அவள் சத்தம் போட்டு அன்றைக்குத்தான் செக்கர் கேட்டார். பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண் துணியைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினாள்.

அந்த வாரமே பல தேசத்து வான ஆராய்ச்சிக் கூடங்களும் கொத்தைக் காணோம் என்று அறிவித்தன. விஞ்ஞானிகள் காரணங்கள் சொன்னார்கள். காரணம் சொல்லத்தானே அவர்களுக்குச் சம்பளம். செக்கர் எதையும் நம்பவில்லை, தன்னால்தான் போனது என்பதையும் சேர்த்து. அதனால் மறுபடி சோதித்துப் பார்த்தார். தேளுக்குப் பின்னால் டீ கெட்டில் மாதிரி நிற்கிற நட்சத்திரங்களின் மூக்குக்கு மேலே வெள்ளையாகப் புகை ஒன்று உண்டு. அவள் கீழே வாசல் கதவைப் பூட்டப் போயிருந்த நேரம் பார்த்து அதை முறைத்தார். அவள் திரும்பி வந்தபோது, "அதுவும் போச்சு," என்று மணி சொல்வதுபோலச் சொன்னார். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. தம்பி வந்து, "மச்சான், பஸ்ஸுல எறக்கி விட்டது பத்தாதுன்னு வானத்துலயும் எறக்கி விட ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டபோது அவள் சிரிக்கவில்லை. தொலைநோக்கியைப் போர்வையில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கடைக்குக் கொண்டுபோய்விட்டாள். செக்கரோடு பேச்சையும் நிறுத்தினாள்.

வானம் கிடைக்காத பார்வை தரையில் மேய்ந்தது. பளிச்சென்று இருக்கிற எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. பஸ், கதவு, வாளி எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. மங்கலானவைதான் போயின. டீயிலிருந்து எழும் ஆவி போனது, டீ சுட்டது, ஆவி மட்டும் இல்லை. கொடிக்கயிற்றின் நிழல் போனது. தம்பியின் தாடையில் ஜாக்கி பட்டு ஆறிப்போன பழைய தழும்பு, பேசிக்கொண்டிருக்கும்போதே போனது. அவன் கண்ணாடியில் பார்த்து, "பரவால்ல மச்சான், பொண்ணு பாக்குற வயசுல இதப் பண்ணியிருக்கலாம்," என்றான். சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தான். அவள் சமையலறைச் சுவரோடு சுவராக நின்றிருந்தாள். அவன் சிரிப்பு அப்படியே நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் சமையலறையில் தணிந்த குரலில் போன் பேசிக்கொண்டிருந்தாள். செக்கர் வாசற்படியில் வந்து நின்றார். பேச்சு தம்பியோடுதான். தொலைநோக்கியை உன் வீட்டில் வைக்கலாமா, நானும் கொஞ்ச நாள் அங்கே வந்து இருக்கவா என்று கேட்டாள். "என்ன ரகசியம்?" என்றார். அவள் திரும்பினாள். டிக்கெட் எடுக்காதவனைப் பார்க்கிற பார்வையை அவள்மேல் வைத்தார்.

முதலில் தோள் போனது. தோள் இருந்த இடத்தில் பின்னாலிருந்த தட்டு ஸ்டாண்டு தெரிந்தது, அதில் கவிழ்த்திருந்த டம்ளர்களும் தெரிந்தன. பிறகு கழுத்து, போன் பிடித்த கை. போன் மட்டும் அந்தரத்தில் நின்று, "அக்கா? அக்கா?" என்றது.  செக்கர் கண்ணை எடுக்கத்தான் பார்த்தார். ஆனால் முதலில் முகத்தைத் திருப்புகிறவன் திருடன் என்பது அவர் பிடரி எலும்பு வரைக்கும் ஊறிய சமாச்சாரம், கழுத்து சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. "திரும்புங்க," என்று டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல அவள் குரல் வந்தது. "அங்க அடுப்பைப் பாருங்க." அவள் முகத்தில் அப்போது நெற்றியும் கண்ணும்தான் மிச்சம். செக்கர் தன் தாடையைத் தன் கையாலேயே பிடித்து, மாட்டைத் திருப்புவதுபோலத் திருப்பினார். கழுத்து மளுக்கென்றது. பார்வை அடுப்பில் போய் விழுந்தது.

கண்ணின் ஓரத்தில் அவள் வந்தாள். முதலில் வெறும் புகை, பிறகு தோள், கை. பிறகு அவர் அதுவரை பார்த்தே இராத அளவுக்கு அவள் முழுசாக வந்து நின்றாள். காதோரம் நரைத்திருந்தது. கட்டைவிரலில் லென்ஸ் தேய்த்துத் தேய்த்துக் காய்ப்பு. பயத்தில் உதடு துடித்தது. இதெல்லாம் எத்தனை வருஷமாக இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

"போயிடுவியா?" என்று அடுப்பைக் கேட்டார்.

"இப்படியே பாத்தீங்கன்னா இருக்கேன்."

"நேரா பாக்காம நீ இருக்கிறத நான் எப்படி நம்புறது?"

"நான் சொல்றேன்ல," என்றாள்.

செக்கர் அழுதார். அழுததும் அடுப்பைப் பார்த்துத்தான்.

கண் டாக்டர் பரிசோதித்துவிட்டுக் குறை ஒன்றும் இல்லை, வயதுக்கு நல்ல பார்வை என்றார். அதற்குப் பிறகு செக்கர் மனைவியிடம் பேசும்போது சுவரை, சிலிண்டரை, வாளியைப் பார்த்துப் பேசினார். அந்தத் தெருவில் பாதிப் புருஷன்மார் டிவியைப் பார்த்துக்கொண்டுதான் மனைவியிடம் பேசுவார்கள், அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சில நாள் மனம் கேட்காமல் கண் நழுவும், அவள் விரல் நுனி கரையும், "ம்," என்பாள், அவர் தாடையைப் பிடித்துக்கொள்வார். போன கொத்தும் புகையும் திரும்பி வரவே இல்லை. நட்சத்திரப் படப் புத்தகம் போடுகிறவர்கள் அடுத்த பதிப்பில் அவற்றை எடுத்துவிட்டார்கள்.

மறு கோடையில் அவள் பீரோவைத் திறந்தாள். கரண்ட் போனதும் இருவருமாக மாடிக்குப் போனார்கள். அவள் தொலைநோக்கியை வடக்கு வானத்தில் ஒரு வெள்ளை நட்சத்திரத்துக்குத் திருப்பி, அங்கிருந்து கொஞ்சம் கீழே இறக்கினாள். செக்கர் நாற்காலியைத் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே போட்டு, தொட்டியைப் பார்த்து உட்கார்ந்தார்.

"என்ன இருக்கு?"

"ஒரு வளையம். சின்னது. யாரோ பீடிப் புகையை வட்டமா ஊதினாப்ல."

"நடுவுல?"

"நடுவுல ஒண்ணும் இல்ல. ஓட்டை."

"நெசமாவா?"

"நெசமா."

செக்கர் தொட்டியையே பார்த்துக்கொண்டு, "சரி, அப்புறம் அடுத்தது என்னன்னு சொல்லு," என்றார்.