ஓட்டுநர் இல்லாத மசோதா

எல்லோரும் பேனாவைத் திறந்துவிட்டார்கள். இனி ஒன்றும் கெட்டுப்போக வழியில்லை என்று தோரா ஹேகன் மூச்சு விட்ட நேரத்தில்தான் செனட்டர் காஸ்பரிக் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"அதெல்லாம் சரிம்மா. உங்க ஊர் ஆம்புலன்ஸை இப்ப யாரு ஓட்டுறா? அந்த எம்மெட்தானா இன்னும்?"

"அவர்தான். வேற யாரு ஓட்டுவா?"

"போன கோடையில மாட்டுச் சந்தைக்கு வந்தான். வந்தவன் என் டிரக் மேலயே இடிச்சான். கேட்டா, 'ஆம்புலன்ஸா இருந்தா இடிச்சிருக்க மாட்டேன்'கிறான்."

மேசையைச் சுற்றியிருந்த ஆறு பேரும் சிரித்தார்கள். பேரவையிலிருந்து மூவர், மேலவையிலிருந்து மூவர். இரு அவைகளும் ஒரே மசோதாவை வெவ்வேறு விதமாக நிறைவேற்றிவிட்டால், அதை ஒன்றாக்கிக் கொண்டுவர இப்படி ஓர் இணக்கக் குழு உட்காரும். இந்த மசோதா தோராவுடையது. முதல்முறை பேரவை உறுப்பினரான அவளுக்கு இதுதான் முதல் மசோதா. சிறு ஊர்களில் சம்பளம் வாங்காமல் ஆம்புலன்ஸில் உதவிக்குப் போகிறவர்களுக்கு வழியில் அடிபட்டால், அரசுக் காப்பீடு சிகிச்சைச் செலவையும் இழந்த கூலியையும் தரும். எல்லாத் தன்னார்வலர்களுக்கும் உண்டு என்றது பேரவை. முதலுதவிச் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்றது மேலவை. நாள்கணக்கில் இழுபறி நடந்தது. நேற்றுதான் மேலவைக்காரர்கள் சலித்துப்போய் இறங்கி வந்திருந்தார்கள்.

"எம்மெட்டுக்கும் இதுல இடம் இருக்குல்ல?" என்றார் காஸ்பரிக்.

"இல்லாம என்ன?" என்று சொல்லிக்கொண்டே தோரா தாளைப் புரட்டினாள்.

இடப்பக்கம் பேரவையின் வாசகம், வலப்பக்கம் மேலவையின் வாசகம். இரண்டும் வேறுபடும் இடங்களில் மட்டும் சாம்பல் நிறம் அடித்திருந்தது. இத்தனை நாளும் ஆறு பேரின் கண்களும் அந்தச் சாம்பல் நிறத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தன. இரண்டாம் பக்கத்தில், வெள்ளையாக, இரு பக்கமும் ஒரே மாதிரி ஒரு வரி இருந்தது: நோயாளிக்கு நேரடியாகச் சிகிச்சை அளிக்கும் தன்னார்வலர்.

தோரா அதை இரண்டு முறை படித்தாள். எம்மெட் யாருக்கும் சிகிச்சை அளிப்பதில்லை. வண்டி ஓட்டுகிறார்.

அந்த வரியை எழுதியது அவள்தான். ஊரில் அவளும் ஒரு தன்னார்வலர்தான்; ஆம்புலன்ஸில் எப்போதும் நோயாளியோடு பின்னால்தான் உட்காருவாள். அங்கிருந்து பார்த்தால் ஓட்டுபவர் என்பது சிறு கண்ணாடிச் சட்டத்துக்குள் தெரியும் ஒரு பிடரி மட்டுமே. எழுதும்போது பின்பக்கத்தை நினைத்தே எழுதியிருக்கிறாள்.

"இப்பவே சேர்த்துடலாமே. ஒரு வார்த்தைதானே?" என்று மசோதாக்களுக்குச் சட்ட வடிவம் தரும் அலுவலர் ஐனெஸ் ஃபாலோஸைப் பார்த்தாள்.

"முடியாது தோரா. ரெண்டு அவையும் எதுல மாறுபடுதோ அதை மட்டும்தான் இந்தக் குழு தொடலாம். இது ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட வரி."

"அடக் கடவுளே! இந்த மசோதா முழுக்க நாம சண்டை போடாம ஒத்துக்கிட்டது இந்த ஒரு வரியைத்தான். அதைப்போய்த் தப்பா ஒத்துக்கிட்டிருக்கோம்" என்றார் காஸ்பரிக்.

வேறு வழி ஒன்று இருந்தது. இந்தக் குழுவைக் கலைத்துவிட்டு, இரு அவைகளிடமும் திறந்த இணக்கக் குழு கேட்கலாம். அது முழு மசோதாவையும் கையில் எடுக்கும். ஆனால் வெள்ளிக்கிழமையோடு கூட்டத்தொடர் முடிகிறது. அதற்குள் முடியாவிட்டால் மசோதா அங்கேயே செத்துவிடும். பிறகு உறுப்பினர்கள் அவரவர் பண்ணைக்கும் கடைக்கும் போய்விடுவார்கள். மாநிலத் தலைநகரான இந்த ஹெலெனாவுக்கு அவர்கள் திரும்பி வர இரண்டு வருடமாகும்.

காஸ்பரிக் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "சாப்பிட்டுட்டு வந்து முடிவு பண்ணலாம். உன் மசோதா, நீயே சொல்லு. ஆனா ஒண்ணு. திறந்தா எல்லாமே திறக்கும். சான்றிதழும் மேசைக்குத் திரும்பி வரும். மிரட்டுறேன்னு நினைக்காதே. அதை விட்டுக்கொடுத்ததுக்கே எங்க ஆளுங்க என்னைத் திட்டித் தீர்க்கிறாங்க."

தோரா சாப்பிடப் போகவில்லை. மாடிப்படியின் வளைவில் நின்று எம்மெட்டுக்குப் போன் செய்தாள்.

"என்ன உறுப்பினரம்மா, சட்டம் போட்டாச்சா?" பின்னணியில் அவருடைய டயர் கடையின் காற்றடிக்கும் இயந்திரம் உறுமியது.

"எம்மெட், இந்த மசோதாவுல நீங்க இல்ல. வண்டி ஓட்டுறவங்க யாருமே இல்ல."

"தெரியுமே. பிப்ரவரியிலயே படிச்சேன்."

"படிச்சுமா சொல்லல?"

"எப்படிச் சொல்றது? எனக்கும் ஒரு பங்கு குடுன்னா? நீங்க பின்னாடி உட்கார்ந்து உயிரைப் பிடிச்சு வைக்கிறீங்க. நான் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறேன். அவ்வளவுதானே."

"பனியில வண்டி வழுக்கினா முதல்ல அடி யாருக்கு? எனக்கா, உங்களுக்கா?"

"அதனாலதான் வழுக்காம ஓட்டுறேன்." இயந்திரம் நின்றது. எம்மெட்டின் குரல் தணிந்தது. "இதோ பாரு, இருக்கிறதைக் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வா. உன்கூடப் பின்னாடி உட்கார்ற டெஸ்ஸாவுக்கு ரெண்டு சின்னக் குழந்தைங்க. அவளுக்கு ஏதாவது ஆனா வீட்டுல அடுப்பு எரியாது. என்னை ஒரு காரணமா வெச்சு அவளுக்குக் கிடைக்கிறதையும் கெடுத்துடாதே."

அதற்குள் அவருடைய இடுப்பில் ஆம்புலன்ஸ் அழைப்புக் கருவி கத்தியது. "வரேன்மா, யாரோ கூப்பிடுறாங்க" என்று வைத்துவிட்டார்.

தோரா அங்கேயே நின்றாள். எதையும் வரிசைப்படுத்தி யோசித்தால்தான் அவளுக்குப் பிடிபடும். கையெழுத்துப் போட்டால் டெஸ்ஸாவுக்கும் மாநிலம் முழுக்க இருக்கும் அவளைப் போன்றவர்களுக்கும் உறுதியாகக் கிடைக்கும். ஓட்டுநர்களை இரண்டு வருடம் கழித்துச் சேர்க்கலாம். மறுத்தால் ஒருவருக்குமே கிடைக்காமல் போகலாம். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் முதல் வழிதான் சரி. தன் பெயர் போட்ட மசோதா குறையில்லாமல் இருக்க வேண்டும் என்ற வீம்பா இது என்றும் தன்னைக் கேட்டுக்கொண்டாள். கொஞ்சம் வீம்பும் இருந்தது. ஆனால் அது மட்டுமில்லை. ஒரே வண்டியில் போகும் இருவரில் ஒருவரின் எலும்புக்கு விலை உண்டு, இன்னொருவரின் எலும்புக்கு இல்லை என்று சட்டமே எழுதிவிட்டால், நாளை அந்த வண்டியில் எம்மெட்டின் பிடரியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியவள் அவள்தான். இரண்டு வருடம் அப்படி உட்கார முடியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

உள்ளே போனதும் தாமதிக்காமல் சொன்னாள். "செனட்டர், கையெழுத்து வேண்டாம். திறந்த குழு கேட்போம்."

பேரவைத் தரப்பில் அவளோடு இருந்த உறுப்பினர் ஆஸ்ட்லி நாற்காலியில் திரும்பினார். "உனக்கென்ன பைத்தியமா? ஜெயிச்ச ஆட்டத்தை யாராவது திரும்ப ஆடுவாங்களா?"

"பாதி ஆட்டத்தைத்தான் ஜெயிச்சிருக்கோம்."

"முழுசையும் தோத்துட்டு ஊருக்குப் போகப்போறே, பாரு" என்று முணுமுணுத்தபடியே அவரும் ஆதரவாகக் கையைத் தூக்கினார்.

இரு அவைகளும் முனகிக்கொண்டே சம்மதித்தன. அதே ஆறு பேரையே மறுபடி நியமித்தார்கள். மறுநாள் காலை அதே அறை, அதே மேசை. சொன்னபடியே காஸ்பரிக் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தார்.

"என் பக்கத்துப் பண்ணைக்காரன் குதிரையிலேர்ந்து விழுந்தான். உதவிக்கு வந்தவங்க நல்லவங்கதான். ஆனா எப்படித் தூக்கணும்னு தெரியாது. அரிசி மூட்டை மாதிரி தூக்கிட்டாங்க. இன்னிக்கு அவன் சக்கர நாற்காலியில இருக்கான். கத்துக்கிட்டு வாங்கன்னு சொல்றது தப்பா?"

இந்தக் கதையை அவர் இதற்கு முன் சொன்னதில்லை. இத்தனை நாளும் அவர் செலவைக் குறைக்கத்தான் சான்றிதழ் கேட்கிறார் என்று தோரா எண்ணியிருந்தாள். தன்னிடமும் சொல்லாத கதை ஒன்று இருப்பது அப்போது அவளுக்குப் புரிந்தது.

"தப்பில்ல செனட்டர். ஆனா தேர்வு எங்க நடக்குது? பில்லிங்ஸ்ல. எங்க ஊர்லேர்ந்து போறதுக்கே பாதி நாள் ஆகும். போன தடவை கன்னு போடுற சமயத்துல வெச்சாங்க. எங்க குழுவுல மூணு பேர் தேர்வுக்குப் போகல, வெட்கப்பட்டு ஆம்புலன்ஸுக்கும் வரதை நிறுத்திட்டாங்க. கன்னு போடுற சமயம்னா என்னன்னு..."

"எனக்குத் தெரியாதா? நான் என்ன கோழியா வளர்க்கிறேன்?"

அறை சிரித்தது. தோரா சிரிக்கவில்லை. அவள் மனம் வேறு எதையோ பிடித்திருந்தது.

"செனட்டர், நான் தேர்வை எதிர்க்கல. அந்த ரோட்டைத்தான் எதிர்க்கிறேன்."

காஸ்பரிக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படின்னா?"

"தேர்வு ஊருக்கு வரட்டும். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது அரசாங்கமே ஆள் அனுப்பித் தேர்வு வைக்கணும்னு எழுதுவோம்."

"தேறாதவங்களுக்கு?"

"முதல் நாள்லேர்ந்தே காப்பீடு உண்டு. தேறுறதுக்கு ரெண்டு குளிர்காலம் அவகாசம். அதுக்குள்ள தேறலைன்னா..." தோரா நிறுத்தினாள். அவளுடைய குழுவில் இருந்த எழுபது வயது விவியனை நினைத்துக்கொண்டாள். நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எந்தத் தேர்விலும் அவர் தேறப்போவதில்லை. "தேறலைன்னா, காப்பீடு நின்னுடும்."

சொல்லிவிட்டாள். பத்து நாளாக எதை விடமாட்டேன் என்று நின்றாளோ, அதில் ஒரு துண்டை அவளே வெட்டி மேசையில் வைத்தாள்.

"ஓட்டுறவங்களுக்கு என்ன தேர்வு? அவங்களையும் நாடி பிடிச்சுப் பார்க்கச் சொல்லுவீங்களா?" என்றார் ஆஸ்ட்லி.

"பனியில ஓட்டத் தெரியணும். அதுக்குத் தனியா ஒரு தேர்வு வைங்க. என் டிரக்குக்கும் பாதுகாப்பு" என்றார் காஸ்பரிக்.

ஐனெஸ் மதியத்துக்குள் புதிய வாசகத்தை அடித்துக் கொண்டுவந்தாள். "பழைய தாள் மாதிரி இதை ரெண்டு பக்கமாப் பிரிக்க முடியல. இதுல முக்கியமான எதுவுமே பழைய ரெண்டு வாசகத்துலயும் கிடையாது" என்றாள். அவள் குரலில் புகார் இல்லை.

பேரவைக்காரர்கள் மூவரும் கையெழுத்திட்டார்கள். மேலவையில் ஒருவர் மறுத்தார். இருவர் போட்டதே போதும்.

குழுவின் அறிக்கையை அவையில் யாராலும் திருத்த முடியாது. ஏற்கலாம், அல்லது தள்ளலாம். வியாழக்கிழமை பேரவையில் தோரா எழுந்தபோது, பின்வரிசையிலிருந்து ஓர் உறுப்பினர் அதற்காகவே காத்திருந்தவர்போல் எழுந்தார்.

"போன வாரம் இதே இடத்துல நின்னு, சான்றிதழ் கேட்டா ஆளுங்க ஓடிடுவாங்கன்னு எங்ககிட்டச் சொன்னீங்க. இப்ப நீங்களே சான்றிதழைத் தூக்கிட்டு வரீங்க. எந்தத் தோராவை நாங்க நம்புறது?"

அங்கங்கே சிரிப்பொலி கேட்டது. தோராவின் காது சுட்டது. தயாரித்து வைத்திருந்த உரையில் இதற்குப் பதில் இல்லை. அதை மடித்துக் கீழே வைத்தாள்.

"போன வாரத்துத் தோராவுக்கு, தேர்வு ஊருக்கே வரலாம்னு தோணல. செனட்டரோட பக்கத்துப் பண்ணைக்காரர் கதையும் தெரியாது. வண்டி ஓட்டுறவரையே மசோதாவுல விட்டுட்டோம்னும் தெரியாது. இந்த வாரத்துத் தோராவுக்கு இந்த மூணும் தெரியும். இவளையே நம்புங்க."

யாரோ மேசையைத் தட்டினார்கள். வாக்குப் பலகையில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. சிவப்பு சிலவே. கேள்வி கேட்டவர் பெயருக்கு எதிரே எரிந்ததும் பச்சைதான்.

மேலவையில் அன்று மாலை காஸ்பரிக் அறிக்கையை முன்வைத்தார். தோரா பின்சுவரை ஒட்டி நின்று கேட்டாள்.

"இது பேரவை அனுப்பின மசோதா இல்ல. நாம திருப்பி அனுப்பின மசோதாவும் இல்ல. ரெண்டையும் விட நல்லது. இதுக்கு மேல நான் பேசினா கெட்டுப்போகும்" என்று உட்கார்ந்துவிட்டார். நிறைவேறியது. இனி ஆளுநரின் கையெழுத்துதான் மிச்சம்.

வெளியே வந்தவர் தோராவின் அருகில் நின்றார். "எங்க ஊருக்குப் போய், இதை நான்தான் கொண்டுவந்தேன்னு சொல்லப்போறேன். கோவிச்சுக்காதே."

"எங்க ஊர்ல நானும் அதையேதான் சொல்லப்போறேன்."

"ரெண்டும் நிஜம்தானே" என்று சொல்லிவிட்டு அடுத்த கூட்டத்துக்கு நடந்தார்.

தோரா வெளிப்படியில் இறங்கி நின்று ஊருக்குப் போன் போட்டாள். ஏப்ரல் காற்று கோட்டைப் பிய்த்தது. அவளுக்குக் குளிரவில்லை.

"நிறைவேறிடுச்சு எம்மெட். நீங்களும் இருக்கீங்க."

மறுமுனையில் காற்றடிக்கும் இயந்திரத்தை அணைக்கும் சத்தம் கேட்டது. "டெஸ்ஸா?"

"டெஸ்ஸாவும் இருக்கா. எல்லாரும் இருக்காங்க. ஆனா நீங்க ஒரு தேர்வு எழுதணும்."

"என்ன தேர்வு?"

"வண்டி ஓட்டுற தேர்வு."

"எனக்கா? இருபது வருஷமா இந்த வண்டியை ஓட்டுறேன். எனக்கே வண்டி ஓட்டுற தேர்வா? எவன் வெச்சான் அதை?"

சிரிப்பை அடக்க தோரா முயலவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டாள்.

"நான்தான்."