யுவஸ்ரீ எந்த மொழியில் கனவு காண்கிறாள்

என் மகள் யுவஸ்ரீயை ஜெர்மனிக்கு அனுப்பக் கூடாது என்று நான் பிடித்த பிடிவாதத்துக்குத் துணை வந்தவர் அவளுடைய டீச்சரேதான். ஓசூரில் அவள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் மத்தியானம் வரை இங்கிலீஷ், சாப்பாட்டுக்குப் பிறகு ஜெர்மன். அங்கே படித்த பிள்ளைகள் நேரே ஜெர்மனிக் காலேஜுக்குப் போகிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் அந்த டீச்சர், லாவண்யா மேடம், சிரித்துக்கொண்டே சொன்னார்: "கனவு ஜெர்மன்ல வந்துச்சுன்னா புள்ள தயாருன்னு அர்த்தம்மா."

அவர் விளையாட்டாகச் சொன்னதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சொல்லிவிட்டேன்: "கனவு அந்த பாஷையில வரட்டும். அப்ப அனுப்பறேன். அதுவரைக்கும் மூச்சு விடக்கூடாது." என் வீட்டுக்காரர் ஆஞ்சப்பன், "இது என்னடி கூத்து?" என்றார். கம்பெனி ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதால் பிழைத்தார்.

அன்றிலிருந்து காலையில் காபியோடு கனவு விசாரணை. இவளுக்குப் பொய் சொல்ல வராது, அதுதான் என் அதிர்ஷ்டம். ஒருநாள் பாரூர் ஏரித் தண்ணீர் மேல் டவுன் பஸ் போனதாம், கண்டக்டர் கன்னடத்தில் டிக்கெட் கேட்டாராம். இன்னொரு நாள் நான் வேலை செய்யும் ரோஜாப் பண்ணை பிளாஸ்டிக் கூரையோடு மெல்ல மேலே கிளம்பிப் போனதாம். உள்ளேயிருந்து நான் தெலுங்கில் மேஸ்திரியைத் திட்டிக்கொண்டிருந்தேனாம். "ஜெர்மன்ல ஒரு வார்த்தையும் இல்லையா?" என்று கேட்பேன். "இல்லம்மா" என்பாள், முகம் தொங்கிப்போகும். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருக்கும். என்ன செய்வது, ஒரே பெண்.

காலேஜுக்கு எழுதிப் போடக் கடைசி வாரமும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தூறல். ஜன்னலோரம் பாயில் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள். ஈரக் காற்று திரைச்சீலையை உப்ப வைத்து இறக்கியது. வீடே தண்ணீருக்குள் இருப்பது போல ஒரு பச்சை வெளிச்சம். நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவள் பேச ஆரம்பித்தாள். கண் மூடியிருக்கிறது, உதடு அசைகிறது. தமிழில்லை, கன்னடமில்லை, தெலுங்குமில்லை. இங்கிலீஷ் என் காதுக்கு ஓரளவு பழக்கம், அதுவுமில்லை. நடுவில் சிரித்தாள். யாரையோ கெஞ்சுவது போல "கொம் மிட், கொம் மிட்" என்றாள். அடிப்பாவி, வந்தேவிட்டது!

விழித்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டாள்: "ஏதோ கனவும்மா. மறந்தே போச்சு. நான் ஏதாச்சும் பேசுனேனா?"

"கொறட்டதான் விட்டே."

"இந்த வருசம் அவ்ளோதான் போல" என்று எழுந்து போய் முகம் கழுவினாள். அழுவது கேட்கக் கூடாதென்று குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். பெற்றவளுக்குத் தெரியாதா? பூண்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன். சனியன் பிடித்த மனசு என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"ஏய், இங்க வாடி. 'கொம் மிட்'டுன்னா என்னா?"

ஈர முகத்தோடு வந்து நின்றாள். "'கூட வா'ன்னு அர்த்தம். யாரும்மா சொன்னா?"

"நீதான். தூக்கத்துல. யாரையோ கெஞ்சிக் கெஞ்சிக் கூப்பிட்டே."

அவள் அப்படியே என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "உன்னையத்தாம்மா இருக்கும். வேற யாரைக் கெஞ்சப்போறேன்?"

"நான் வந்தேனா?"

"ஞாபகமே இல்லம்மா."

"வந்திருக்க மாட்டேன்" என்றேன். "நீ போயிட்டு வா, கண்ணு."