பாடத்துக்கு ஒரு நோயாளி

அதுவும் இவ்வளவு மெதுவாக... இந்தக் கை எப்போது இப்படித் தொடப் பழகியது, யாரிடம் பழகியது, மக்டலீன் பாயில் மல்லாந்து கண்ணை மூடியபடி யோசித்தாள், மூடச் சொன்னது எமில்ராஜ்தான், கட்டிய புருசன், மண்ணெண்ணெய் கிடைக்காமல் குருநகர்க் கரையில் படகை ஏற்றிய நாள் முதல் காதில் வயரைச் செருகிக்கொண்டு போனில் பாடம் படிக்கிறான், வயதானவர்களைப் பராமரிக்கிற பாடமாம், வெளிநாட்டில் ஆள் எடுக்கிறார்களாம், எந்த நாடு என்று கேட்டால் முதலில் பாடம் முடியட்டும் என்கிறான்... இன்றைக்கு ஒரு நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பதைப் படம் எடுத்து ரீச்சருக்கு அனுப்ப வேண்டுமாம். வெறும் பால்மாத் தகரப் பேணியில் சாய்ந்து நின்று போன் அவளையே பார்க்கிறது.

"அசையாதை. உனக்கு எண்பது வயசு, பாரிசவாதம், வலப்பக்கம் வழங்காது."

"எனக்குப் புருசன் இல்லையோ?"

"செத்துப்போச்சு."

"குடுத்துவைச்ச மனுசன்."

"வாய் மட்டும் நல்லா வழங்குது. நோகுதோ எண்டு கேப்பன், நோகேல்லை எண்டு சொல்லு. அதுக்குத்தான் ரீச்சர் புள்ளி போடுவா."

ரீச்சர்... அவன் குளிக்கப் போன நேரம் மக்டலீன் அந்தக் குரலை ஒருநாள் கேட்டாள், தொடுமுன் சொல்லிவிட்டுத் தொடுங்கள் என்றது, கண்ணைப் பார்த்துக் கேளுங்கள் என்றது, நல்ல பாடம்தான், பிறகேன் கண்ணைப் பார்க்கச் சொல்கிற அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறான்? படகு இயந்திரத்தைக் கழற்றி, கிறீஸ் பூசி, சாக்குச் சுற்றி அறைக்குள் வைத்திருக்கிறான், திரும்பக் கடலுக்குப் போக நினைக்கிறவன் அப்படிச் சுற்றுவானா... அவள் டெங்குவில் எழும்ப முடியாமல் கிடந்தபோது தலைமாட்டில் காய்ச்சல் குளிசையை வைத்துவிட்டுத் தொழிலுக்குப் போனவன்தானே, அன்றைக்கு எங்கே இருந்தது இந்தக் கை, ஊர் பேர் தெரியாத ஒரு கிழவிக்காக இப்போதுதான் முளைக்கிறதா... "இப்ப தோளைப் பிடிக்கப் போறன்" என்றான், சொன்னபடியே தோளுக்கடியில் கை போனது, உப்பில் காய்த்த விரல்கள், ஆனால் ஒவ்வொன்றாய், பதமாய்... இதை அவள் கண்டிருக்கிறாள், வலையில் சிக்கிய நண்டைக் கால் முறியாமல் அவன் எடுக்கிறபோது, கலியாணமான காலம் தொட்டுக் கண்டிருக்கிறாள், அப்படியென்றால் ரீச்சர் ஒன்றும் படிப்பிக்கவில்லை, கை அவனிடம் எப்போதும் இருந்திருக்கிறது, அவளுக்குத்தான்...

உடம்பு புரண்டது. தோள் உண்மையாகவே சுளீரென்றது.

"நோகுதோ, அம்மா?"

நோகுது என்றால் பாடம் பிழையாகிவிடும், திரும்ப எடுப்பான், இந்தக் கை இன்னொருமுறை வரும், நோகவில்லை என்றால் புள்ளி விழும், போய்விடுவான்... மக்டலீன் கண்ணைத் திறந்தாள். அவன் போனைப் பார்க்கவில்லை, அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு மறுமொழிக்குக் காத்திருந்தான், பாடத்தில் சொன்னபடியே... பாடத்தில் சொன்னதற்காகத்தானா?