பாப்பாவிடம் யார் சொல்வது

மஞ்சள் தண்ணீரில் துணியை முக்கிப் பிழிந்து செத்துப்போன தம்பி ஜெகதீஸ்வரனின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த நல்லம்மாள் கையை நிறுத்தாமலே சொன்னாள்: "பாப்பாகிட்ட, அப்பன் வண்டிக்குப் போயிருக்கான்னு சொல்லிப் போடலாம்."

அவனைக் கிடத்தியிருந்த பெஞ்சின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவன் பெண்டாட்டி மதுமதி தலையை ஆட்டினாள். விடியற்காலையில் ஆம்புலன்சு வந்து நின்றதிலிருந்து அழுது அழுது அவளுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். மாலை எத்தனை வாங்க, ஆட்டினாள். மோர் குடிக்கிறாயா, ஆட்டினாள், குடிக்கவில்லை. இதற்கும் ஆட்டிய பிறகுதான் என்ன கேட்டார்கள் என்பது மண்டையில் ஏறியது.

"அதுதான் செரி" என்றார் செல்லமுத்து. ஜெகதீஸ்வரனின் பெரியப்பா மகன், பங்காளிகளில் மூத்தவர். பந்தல் காலைப் பிடித்தபடி நின்றிருந்தார். "பச்சக் கொழந்தைக்கு என்ன தெரியும்? நாலு வருசம் போனாத் தானா வெளங்கிட்டுப் போகுது. எமகண்டத்துக்கு முன்னால எடுத்தாகோணும், ஆகற வேலையப் பாருங்க."

சாவு வீட்டில் யோசனை சொல்லவா ஆள் பஞ்சம்! சுற்றியிருந்த பெண்கள் எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. பிடிக்காமல் எப்படி இருக்கும்? பொய்கூட இல்லை, பாதி உண்மை. ஜெகதீஸ்வரன் வருசத்தில் முக்கால்வாசி நாள் வண்டிக்குப் போனவன்தான். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் டிரில்லர். ராய்ச்சூர் பக்கம் ஏதோ ஒரு காட்டில் போர் போட்டுக்கொண்டிருந்தவன், நேற்றுச் சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தான். அப்புறம் எழவில்லை. முப்பத்தாறு வயதில் இப்படியும் ஒரு மனிதன் போவானா என்று வெண்ணந்தூர் சந்தைவரைக்கும் பேச்சாகிவிட்டது.

அந்தப் பாதி உண்மையை நினைத்ததும் மதுமதிக்குள் ஏதோ லேசானது. மாசக்கணக்கில் ஓட்டிவிடலாம். ஆடி போனால் தீபாவளி, தீபாவளி போனால் பொங்கல். பாப்பா கேட்கும்போதெல்லாம் வண்டி இன்னும் வரலை சாமி என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. இப்படி லேசானதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. செத்துக் கிடக்கிற மனுசனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவனுக்குப் பிடிக்காத காரியத்துக்கு மனசு சந்தோசப்படுகிறதே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

ஏனென்றால் அவன் அப்படிச் செய்கிறவன் இல்லை. ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும், தூங்குகிற பிள்ளையை எழுப்பி உட்கார வைத்துச் சொல்லிவிட்டுத்தான் போவான். "சாமி, அப்பா வண்டிக்குப் போறேன். நாளைக்கு வரமாட்டேன், அடுத்த வாரமும் வரமாட்டேன். மாரியாத்தா நோம்பிக்குத்தான் வருவேன்." அவ்வளவுதான், பாப்பா அவன் காலைக் கட்டிக்கொண்டு ஊரையே கூட்டிவிடுவாள். அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டே போய் வண்டி ஏறிவிடுவான். அதற்கப்புறம் வெயில் ஏறுகிற வரைக்கும் கைகாலை உதைத்துக்கொண்டு அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு சீரழிவது மதுமதிதான்.

"தூங்கறப்பவே நைசாப் போயிரக்கூடாதுங்களா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டாள்.

"எந்திரிச்சு ஊடு பூராத் தேடுவாளே மது."

மதுமதியின் வழி வேறு. பாப்பாவுக்கு ஊசி போடப் போனால், எறும்பு கடிக்கிற மாதிரிதான் கண்ணு, அதுகூட இல்லை என்பாள். அவன் போனால், "வலிக்கும் சாமி. அழுகோணும்னா அழுதுக்க, அப்பா புடிச்சுக்கறேன்" என்பான். ஆட்டுக்குட்டி செத்தபோது, அது நல்லம்மா அத்தை ஊட்டுக்குப் போயிருக்குது என்று மதுமதி சொல்லிவிட்டாள். அடுத்த லீவில் அவன் வந்ததும் பாப்பா போய்க் கேட்டாள். மதுமதிக்கு அடுப்படியில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவன் போட்டுக்கொடுத்துவிடுவான் என்றே நினைத்தாள். அவனோ, "அம்மாதான சொன்னாங்க? அம்மாகிட்டயே கேளு சாமி" என்று அனுப்பிவிட்டான்.

அன்றைக்குத்தான் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள். ஒருவர் பாப்பாவிடம் பேசும்போது இன்னொருவர் குறுக்கே வருவதில்லை. சரியோ தப்போ, ஆரம்பித்தவர் முடிக்கட்டும். "இடி இடிச்சா மேகம் பெஞ்சை இழுக்குதுன்னு நீ சொல்றே, அவ தூங்கிடறா. நான் மின்னலு கின்னலுன்னு சொன்னா விடிய விடிய முழிச்சிருப்பா. உம்பட வழியும் வேணும் மது" என்று அவனே சொன்னான். ஒரு வீட்டில் ரெண்டு சட்டமா என்று நல்லம்மாள் கேலி பண்ணுவாள். பண்ணினால் பண்ணட்டும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

ஆனால் மதுமதி ஒன்றைக் கவனித்திருந்தாள், வெளியே சொன்னதில்லை. அவன் போனபிறகு பாப்பா அழுவாளே தவிர, அவனை வீட்டுக்குள் ஒருநாளும் தேடினதில்லை. மதுமதி அரைப்படி அரிசி வாங்கக் கடைக்குப் போனால்கூட, கதவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் என்று பிள்ளை தேடிக்கொண்டே இருக்கும். குளிக்கப் போனாலும் முந்தானையை விடாது.

"நங்கையா" என்று மதுமதி நாத்தனாரைக் கூப்பிட்டாள். "பாப்பாகிட்ட சொல்லிறலாமுங்க."

நல்லம்மாள் துணியைச் சட்டியில் போட்டாள். "என்னத்தைச் சொல்றது?"

"அப்பா செத்துட்டாங்கன்னு."

"ஏம்மிணி, உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது? அஞ்சு வயசுப் புள்ளைக்குப் பொணத்தைக் காட்டுவாங்களா? பயந்து கிடந்து ராவெல்லாம் அலறுனா யாரு பாக்கறது?"

"அவங்க இருந்தாச் சொல்லியிருப்பாங்க."

"அவந்தான் இல்லையே இப்ப!" என்று கத்திய நல்லம்மாள், சொன்ன வார்த்தை தன்னையே அடித்ததுபோல் தம்பியின் மார்பில் விழுந்து அழ ஆரம்பித்தாள். நல்லம்மாள் சொன்னதில் என்ன தப்பு? இதெல்லாம் அவன் வேலை. அவன்தான் இதற்கெல்லாம் வார்த்தை வைத்திருந்தான். அவன் சாவைச் சொல்லவும் அவனே இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று மதுமதி பைத்தியக்காரத்தனமாக நினைத்தாள்.

காலையில் பாப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு, எதுக்கும்மா பந்தல் என்று கேட்டபோதுகூட, ஊட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போறாங்க சாமி என்று அவள் வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. பெயிண்ட் வாசம் ஆகாது என்று அடுத்த வீட்டு சண்முகப்பிரியாவிடம் அனுப்பிவைத்தார்கள். அங்கே டிவியில் பொம்மைப் படம் ஓடுகிற சத்தம் ஒப்பாரிக்கு நடுவே கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பத்தடி தூரம். ஆனால் புருசனைப் பந்தலில் கிடத்தியிருக்கும்போது பெண்டாட்டி அடுத்த வீட்டுப் படி மிதிக்கக் கூடாது.

சண்முகப்பிரியா காபிப் பானையோடு வந்தபோது மதுமதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பிரியாக்கா, பாப்பாவக் கூட்டியாங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

சண்முகப்பிரியா செல்லமுத்துவைப் பார்த்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எதோ பண்ணுங்க. ஆனா சீக்கிரம்" என்றார்.

பாப்பா கையில் பாதி கடித்த பிஸ்கட்டோடு சண்முகப்பிரியாவின் இடுப்பில் வந்தாள். இத்தனை பேரைப் பார்த்ததும் பிஸ்கட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். மதுமதி அவளை வாங்கி மடியில் உட்கார வைத்தாள். அவன் எப்படி ஆரம்பிப்பான் என்று யோசித்தாள். சாமி என்றுதான் ஆரம்பிப்பான்.

"சாமி, அப்பா வந்திருக்காங்க பாரு. அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து செத்துட்டாங்க. இனி எந்திரிக்க மாட்டாங்க. பேசமாட்டாங்க."

பாப்பா பெஞ்சைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"வண்டி எப்ப வந்துச்சு?"

"விடியக்காலைல."

"மறுக்கா எப்பப் போவாங்க?"

"எங்கயும் போமாட்டாங்க. இன்னிக்கு எல்லாருமாத் தூக்கிட்டுப் போவாங்க. அப்பறம் வரவே மாட்டாங்க சாமி. எந்த நோம்பிக்கும் வரமாட்டாங்க."

சொல்லிவிட்டாள். எப்படியோ சொல்லி முடித்துவிட்டாள். அலறப்போகிற பிள்ளையை இறுக்கிக்கொள்ளக் கைகளைத் தயாராக வைத்துக்கொண்டாள். பாப்பா அலறவில்லை. அம்மாவின் கன்னத்தைப் பிஸ்கட் தூள் ஒட்டிய கையால் துடைத்துவிட்டாள்.

"காலைல பெயிண்டுன்னு சொன்னே."

"அது... அம்மா சும்மா சொன்னேன்."

"இதுவும் சும்மாதான?"

"இல்ல சாமி. நெசம். சத்தியமா நெசம்."

"நீ எப்பவும் இப்படித்தான் சொல்லுவே." குரலில் கோபம் இல்லை. ஊசி வலிக்காது என்று சொல்கிற அம்மாவை, மேகம் பெஞ்சை இழுக்கிறது என்கிற அம்மாவை அவளுக்குப் பிடிக்கும். "ஆட்டுக்குட்டிகூட அத்தை ஊட்டுல இல்ல. நான் போய்ப் பாத்தேன். நான் அப்பாகிட்டயே கேட்டுக்கறேன்."

மடியிலிருந்து இறங்கினாள். மதுமதிக்கு அவளைப் பிடிக்கக் கை வரவில்லை. தன் வாயிலிருந்து இனி எந்த வார்த்தை வந்தால் இந்தப் பிள்ளை நம்பும்? நம்ப வைக்கக்கூடிய ஒரே ஆள் பெஞ்சில் கிடக்கிறான்.

பாப்பா பெஞ்சின் ஓரத்தைப் பிடித்து எக்கினாள். மாலை இடித்தது. செல்லமுத்து தன்னை அறியாமல் குனிந்து அவளைத் தூக்கிப் பிடித்தார்.

"அப்பா" என்றாள் பாப்பா. "அம்மா சொல்றது நெசமா?"

பாப்பா பொறுமையாகக் காத்திருந்தாள். அவனிடம் எதைக் கேட்டாலும் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வான். அவள் அவனுடைய முகத்தை நன்றாகப் பார்த்தாள். தாடையைச் சேர்த்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்த வெள்ளைத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு திரும்பி எல்லோரையும் கோபமாகப் பார்த்தாள்.

"வாயைக் கட்டி வெச்சிருக்கீங்க. அப்பா எப்படிச் சொல்லுவாங்க? அவுத்துவுடும்மா."

நல்லம்மாள் புடவையை வாயில் திணித்துக்கொண்டாள். கூடாது என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று மதுமதி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரும் சொல்லவில்லை. அவள் எழுந்து வந்து முடிச்சின்மேல் கை வைத்தாள். பல்லால்தான் அவிழ்க்க வேண்டும் போல, அவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருந்தார்கள்.

பாப்பா முடியை ஒதுக்கிவிட்டு, காதை அப்பாவின் வாயருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டாள்.