குளிச்சிட்டு வாங்க

"சட்டையத் தெற எங்கிறன்."

றம்லாவின் விரல்களில் அரைத்த வேப்பிலை ஒட்டியிருந்தது. மகள் ஸும்ரா தகரச் சுவரோடு சாய்ந்து, குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். குழந்தைக்கு ஒன்பது மாதம். தாய்க்குப் பதினேழு வயது.

"அவ இன்னும் குடிக்கிறா உம்மா."

"குடிக்கிற வரைக்கும் அடுத்த புள்ள தங்காது. கசப்பப் பூசினா ரெண்டு நாள்ல மறந்துரும். நாளைக்கு மாப்பிள வாறார், தெரியும்தானே?"

தெரியும். ஸும்ராவுக்கு இரவெல்லாம் அந்த நினைப்புத்தான். யுத்தம் முடிந்த பிறகு அவள் புருஷன் சியாமின் குடும்பம் கரைத்தீவு அகதிக் குடியிருப்பை விட்டு மன்னார்ப் பக்கம், தங்கள் பழைய காணிக்கே திரும்பிப் போயிருந்தது. சியாமும் அங்கேதான் கடலுக்குப் போனான். மாதத்தில் ஓரிரு தடவை பஸ் ஏறி வருவான். அங்கே அவனுடைய தாய் வேறொரு பெண் பார்க்கிறாள் என்று ஒரு கதை அடிபட்டது. யார் சொன்னார்கள் என்று தெரியாது. ஆனால் அந்தக் கதை வந்த நாளிலிருந்து றம்லாவுக்கு உப்பளத்தில் வேலை ஓடவில்லை.

இந்தத் தெருவில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்துதான் இருப்பான். அவனை நிறுத்தி வைப்பது பெண் வீட்டாரின் பாடு. சோறும் மீனும் போதாமல் போனால் பிள்ளையைக் கொண்டு கட்டப் பார்ப்பார்கள். பெற வேண்டியவளை யாரும் கேட்பதில்லை.

முதல் பேற்றில் ஸும்ராவுக்கு வலிப்பு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மூணு வருஷத்துக்கு இன்னொண்டு வாணாம், உயிருக்கு ஆபத்து" என்று பெரியாஸ்பத்திரி டொக்டர் சொன்னபோது, "சரி சேர், சரி சேர்" என்று தலையாட்டிய றம்லா அந்தச் சொல்லை ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

"இண்டைக்குப் புள்ளைக்கு ஊசி. நேரம் போகுது" என்று ஸும்ரா எழுந்தாள். றம்லா முணுமுணுத்தபடி கையைக் கழுவினாள்.

கழுவிய தண்ணீரையும் கீழே ஊற்றாமல் வாளியில் பிடித்தாள். தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வராமல் ஒரு கிழமை தாண்டியிருந்தது. குடியிருப்புக் கிணறு உப்பு. குடிக்க வைத்த தண்ணீரில் முகம் கழுவினாலே சண்டை வரும்.

கிளினிக்கின் நீள வாங்குப் பலகையில் பெண்கள் நெருக்கமாக இருந்தார்கள். ஸும்ரா உட்கார்ந்ததும் ஊர்க்காரி ஒருத்தி சற்றுத் தள்ளி இருந்தாள். வேர்வை நாற்றமோ, அகதி என்ற நினைப்போ, எதுவோ. றம்லா வெளியே வேம்பு நிழலில் நின்றாள்.

புதிதாக வந்திருந்த மருத்துவிச்சி, மிட்வைப் மிஸ், சிங்களப் பெண். தமிழை இங்கேதான், பெண்களின் வாயிலிருந்து பொறுக்கிப் படித்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு ஊசி போட்டு முடிந்ததும் ஸும்ரா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"மிஸ், புள்ள தங்காம இருக்க ஒரு ஊசி இருக்காமே. எனக்கும் போடுவீங்களா?"

மிஸ்ஸின் முகம் மலர்ந்தது. தங்கச்சி என்பதைச் சிங்களத்திலேயே சொன்னாள்: "நல்லது நங்கி. குளிச்சதா?"

ஸும்ராவின் காது சுட்டது. பக்கத்தில் இருந்தவள் தள்ளி இருந்ததும் அதற்குத்தான் போலிருக்கிறது.

"இல்ல மிஸ். குளிக்கல்ல."

மிஸ்ஸின் முகம் மாறியது. "அப்ப ஊசி போட ஏலாது. குளிச்ச பிறகு வாங்க."

ஸும்ரா எழுந்தாள். வெளியே வந்து குழந்தையைத் தாயிடம் கொடுத்தாள்.

"இவள வெச்சிருங்க உம்மா. இந்தா வாறன்."

"எங்க போற? அடியே!"

கிளினிக்குக்குப் பின்னால் ஊர்க்காரி றுக்கியாவின் வீடு. நல்ல தண்ணீர்க் கிணறு. றுக்கியா உடுப்பு அலசிக்கொண்டிருந்தாள்.

"மாமி, ரெண்டு வாளி தண்ணி அள்ளிக் குளிக்கட்டா?"

"இந்த நேரத்துல குளிப்பா? மாப்பிள வந்துட்டாரா?" றுக்கியா கண்ணைச் சிமிட்டினாள். "மன்னாராக்கள் எங்கட காணியில பாதிய எடுத்தீங்க. இனிக் கிணத்தையும் தூக்கிக்கிட்டுப் போங்க. ம், அள்ளு அள்ளு. கயிறு பழசு, பாத்து."

ஸும்ரா உடுத்த உடுப்போடேயே தலையில் ஊற்றினாள். துவட்டத் துணியில்லை. கிளினிக் மூடும் முன் போய்ச் சேரவேண்டும் என்று ஓடினாள். மிஸ் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். முக்காட்டிலிருந்து தண்ணீர் சீமெந்துத் தரையில் சொட்ட, ஸும்ரா மூச்சு வாங்கச் சொன்னாள்:

"மிஸ், குளிச்சிட்டன். இப்பப் போடுங்க."

மிஸ் அவளை மேலும் கீழும் பார்த்தாள். வாங்கில் மிச்சமிருந்த பெண்கள் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அவர்களில் மூத்தவளான ஆசியா உம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

"அட மடச்சி! மிஸ் கேட்டது இந்தக் குளிப்பையா? மாசக் குளிப்பு! தீட்டு வந்து குளிச்சதா, இல்லாட்டி முழுகாம இருக்கிறியா எண்டு கேட்டா. அந்த மனிசி எங்கட கதைய எங்கள விட நல்லாப் படிச்சிருக்கு!"

மிஸ்ஸும் சிரிக்கத் தொடங்கினாள். பிறகு ஸும்ராவின் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினாள்.

"எத்தின வயசு, நங்கி?"

"பதினேழு."

வாங்கில் யாரும் சிரிக்கவில்லை. அங்கே இருந்தவர்களில் அநேகர் தாங்களும் அந்த வயதில் இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்று நின்றவர்கள்தான்.

மிஸ் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்ச் சிறுநீர் எடுத்துத் தரச் சொன்னாள். பால் கொடுக்கிறவளுக்குத் தீட்டு வராமலும் இருக்கும், ஆனாலும் பிள்ளை தங்கலாம் என்று உடைந்த தமிழில் விளங்கப்படுத்தினாள். ஸும்ரா சுவரைப் பார்த்தபடி நின்றாள். போன மாதம் சியாம் வந்து போயிருந்தான். அவள் அல்லாஹ்விடம் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்.

"இல்ல. புள்ள இல்ல" என்றாள் மிஸ்.

சிரிப்போடு ஊசிக் கதையும் அதற்குள் வேம்பு நிழலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. றம்லா குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். முகம் கறுத்திருந்தது.

"மிஸ், போட வாணாம். மாப்பிளையக் கேக்காம இப்பிடி ஒண்டும் செய்யேலாது."

மிஸ் ஊசியோடு நின்றாள். யாருடைய முகத்தைப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஸும்ரா நனைந்த சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டினாள். ஈரத் துணி ஒட்டிக்கொண்டு ஏற மறுத்தது. இழுத்தாள்.

"போடுங்க மிஸ்" என்றாள்.

திரும்பும் வழியில் கடலோரக் களப்பின் காற்று உப்பாக அடித்தது. றம்லா முன்னால் நடந்தாள். குழந்தை அவள் தோளில் தூங்கிவிட்டது. பாதி வழியில் அவள் கேட்டாள்.

"நாளைக்கு அவருக்கு என்ன சொல்லப் போற?"

"உள்ளதச் சொல்றன்."

"பைய எடுத்துக்கிட்டு மன்னாருக்கே போயிட்டா? ஒரு புள்ளையோட எந்த ஆம்புள நிப்பான்? ரெண்டு மூணு இருந்தாத்தான் கால் கட்டுப்படும். நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றன் மகள்."

ஸும்ரா நின்றாள்.

"நாங்க அஞ்சு புள்ளைகள் உம்மா" என்றாள். "வாப்பா நிண்டாரா?"

றம்லாவின் புருஷன் மக்பூல் நீர்கொழும்பில் வேறொருத்தியோடு இருப்பது தெருவுக்கே தெரியும். அதை அந்த வீட்டுக்குள் ஒருவர் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. றம்லாவும் நின்றாள். அவளுக்கு முப்பத்தாறு வயது. எதிரே வந்த யாரோ ஒருவர் அவளைக் கிழவி என்று நினைத்து, "மூத்தம்மா" என்று ஸலாம் சொல்லிக் கடந்து போனார்.

குழந்தை விழித்துச் சிணுங்கியது. றம்லா அதைத் தட்டிக் கொடுக்கவில்லை, மகளைத் திட்டவும் இல்லை. பிள்ளையை ஸும்ராவின் கையில் கொடுத்தாள்.

"பசிக்குது போல" என்றாள். "குடு."