தேதி இல்லாத மண்டபம்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், அடுத்த ஜென்மத்திலும் நான் ஜவுளிக்கடையிலேயே நிற்கக்கடவேன். அத்தனையும் நடந்தது.

மதுரையில் முப்பத்தெட்டு வருடம் சேலை விற்றேன். மனைவி சுந்தரவல்லி போன பிறகு எனக்கு எதுவும் உறைக்கவில்லை. சாம்பாரில் உப்பு இல்லாதது தெரியாது. சித்திரை வெயில் தெரியாது. கொசுக்கள் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயின. சும்மா இருப்பதற்குப் பதில் திருநகர் வீட்டு வாசலில் என் பேரில் ஒரு பலகை மாட்டினேன்: 'ராஜகுரு தொழில் ஆலோசனை நிலையம்'.

வந்தவர்கள் அரை மணி நேரம் புலம்புவார்கள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன். தெளிவடைந்து போய்விடுவார்கள். பதறாத ஆள் என்று பேர் பரவியது. பதற எனக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் வாடிப்பட்டி அழகுபாண்டி வந்தார். அவருடைய அப்பா கட்டிய கல்யாண மண்டபத்தில், தாலி கட்டும் நேரத்தில் ஒரு கல்யாணம் நின்றுபோயிருக்கிறது. அன்றிலிருந்து ராசியில்லாத மண்டபம் என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

"ஆவணிக்குள்ள ஒரே ஒரு கல்யாணம் நடக்கலேன்னா, பங்காளிக குடோன்காரனுக்கு வித்துருவாங்கண்ணே. அவன் மறுநாளே இடிச்சுருவான். எங்கப்பா செங்கல் செங்கலா பாத்துக் கட்டுனது."

கடையில் ஓடாத சேலையை என்ன செய்வோம்? மடித்து ஓரமாக வைத்து, 'இது வேறொருத்தங்க எடுத்து வச்சது, தொடாதீங்க' என்போம். சற்று நேரத்தில் அதற்கு அடிதடி நடக்கும்.

"வாசல்ல போர்டு வை தம்பி," என்றேன். "இந்த வருடம் தேதி இல்லைன்னு எழுது."

வைத்தார். மறுநாள் காலையில் வரிசை பல மைல் தள்ளியிருக்கும் பரவை மார்க்கெட்டையும் தாண்டி நின்றது. அதில் காத்திருந்த ஒரு மாப்பிள்ளைக்குத் தலையே நரைத்துவிட்டது. பெண் வீட்டார் அவரைச் சம்பந்தி என்று நினைத்து வெற்றிலை கொடுத்தார்கள். எனக்கு வியப்பாக இல்லை. எதுவாகவும் இல்லை.

ஆனால் அழகுபாண்டி ஒருவருக்கும் தேதி கொடுக்கவில்லை.

"போர்டு வச்சுட்டமேண்ணே! இப்பக் குடுத்தா, எழுதுனது பொய்யின்னு ஆயிரும்ல?"

"ஒரு கல்யாணம் ரத்தாயிருச்சுன்னு சொல்லேன்."

"இங்கன இன்னொரு கல்யாணம் நின்னுச்சுன்னு நானே சொல்லவா? வெளங்கும்!"

ஆவணியில் கடைசி முகூர்த்தம் மட்டும் மிஞ்சியது. வரிசையில் முதல் ஆளான விருமாண்டி, மகளுக்குத் தேதி கேட்டு மண்டப வாசலில் படுத்தேவிட்டார். நான் வேட்டியை மாற்றிக்கொண்டு போனேன்.

"அந்தத் தேதி நான் எடுத்தது. உங்களுக்கு விட்டுக் குடுக்குறேன்."

விருமாண்டி எழுந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாருக்குக் கல்யாணம் பெரியவரே?"

"எனக்குத்தான்."

"நின்னு போச்சா?" அவர் குரல் இறங்கிவிட்டது. அழகுபாண்டி தூணைப் பிடித்துக்கொண்டார்.

"நிக்கல. தள்ளி வச்சிருக்கு."

"பொண்ணு எந்த ஊரு?"

"இன்னும் பாக்கல. எழுபத்தொண்ணுதான ஆகுது. என்ன அவசரம்?"

விருமாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எம்புட்டுப் பெரிய மனசுய்யா ஒங்களுக்கு!"

கல்யாணம் நடந்தது. திண்டுக்கல் ரோட்டில் போன லாரிகளெல்லாம் நின்று பந்தியில் உட்கார்ந்தன. பங்காளிகளும் வந்து, விற்பது பற்றிப் பேச்செடுக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அழகுபாண்டி என் இலையில் இரண்டு முறை பாயசம் ஊற்றி, இனிப்பு போதுமா என்று கேட்டார். இருக்கும் என்றேன். மண்டபம் பிழைத்தது.

நான் ஆலோசனை நிலையம் திறந்தது போன தை மாதம். அந்த மண்டபத்தை இடித்து ஆறு வருடம் ஆகிறது. அடுத்த ஜென்மத்திலும் சேலை விற்பதில் எனக்கொன்றும் கஷ்டமில்லை.